தண்டலின் வலது தோள்

பாய் விரித்து ஓடும் தோணியில் நாய் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று குற்றாலத்தில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. இங்கே வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதா, சாரல் இன்னும் எத்தனை நாள் நிற்கும், உன் எண்ணெய் கலப்படமில்லாத எண்ணெய்தானா என்பதுதான். ஆனாலும் என்னிடம் பதில் இருக்கிறது. கேட்காவிட்டாலும் சொல்லுவேன். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நாயால் தோணிக்கு ஒரு கெடுதலும் வராது. தண்டல் மட்டும் மனுஷனாக இருக்கவேண்டும்.

தண்டல் என்றால் தோணியின் தலைவர். கரையில் முதலாளி யாராக இருந்தாலும், நங்கூரம் தூக்கிய பிறகு தண்டல் வைத்ததுதான் சட்டம். நான் சொல்லப்போகிற தண்டல்மேல் ஒன்பது வருஷம் கறுவிக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷம் கழித்து அவர் தானாக நடந்துவந்து என் முன்னால் குப்புறப் படுத்தார். அதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் குடும்பம் தென்காசியில் நெல் விதைத்துச் சாப்பிட்ட குடும்பம். இருபத்திரண்டு வயதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. மடைத் தண்ணீருக்காக அண்ணனோடு ஒரு சண்டை வந்தது. அவர் மடையை அடைத்தார், நான் திறந்தேன், அவர் என் மண்வெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினார். அன்றைக்கே ரயிலேறித் தூத்துக்குடிக்குப் போய்விட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் சொல்லுவார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் சட்டென்று வந்து சட்டென்று போகிற கோபம் இல்லை என்னுடையது. வந்தால் தங்கிவிடும். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. அந்த மண்வெட்டி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

தூத்துக்குடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை செய்தேன். அங்கே சாப்பிட வந்த தோணிக்காரர்கள் என் குழம்பு பிடித்துப்போய் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொழும்புக்கு மிளகாய் வத்தலும் மல்லியும் ஏற்றிப்போகிற தோணி. அதில் நான் பண்டாரி, அதாவது சமையல்காரன். சமையல் முடிந்தால் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. பாய் இழுத்து, சுக்கான் பிடித்து, கை கால் பிடித்துக்கொண்டவர்களுக்கு எண்ணெய் போட்டு அமுக்கிவிடுவது. என் கட்டைவிரலுக்கு அப்படியொரு பலம் உண்டு என்று எனக்கே அங்கேதான் தெரிந்தது. தண்டலும் என் முன்னால் உட்காருவார். வலது தோளைக் காட்டுவார். நான் அமுக்க அமுக்க, "ஏலே, கொல்லுதியே, விடுலே" என்று கத்துவார். விடமாட்டேன். முடித்ததும் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "இப்பந்தான் உசிரு வந்திருக்கு" என்பார். அந்த நாளில் அவர்மேல் எனக்கு மரியாதைதான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஒருமுறை ஆய்க்குடியில் கட்டிக்கொடுத்த என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. கடுவன் குட்டிகளை எல்லாம் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொட்டைக் குட்டி ஒன்று மிச்சம். எங்கள் பக்கத்தில் பொட்டைக் குட்டியை யாரும் எடுக்கமாட்டார்கள். அடுத்த வருஷம் அது குட்டி போடும், அதை யார் பார்ப்பது என்பார்கள்.

"இத எங்கனயாவது கொண்டு விட்டுருண்ணே. ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ" என்றாள் தங்கை.

விடுவதற்காகத்தான் ஓலைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அது என் விரலைச் சப்பிக்கொண்டே வந்தது. ரயிலில் ஒரு அம்மாள் பெட்டிக்குள் கோழியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்கேயும் விடாமல் நேராகத் தோணிக்குக் கொண்டுபோய்விட்டேன். பேர் எதுவும் வைக்கவில்லை. "ஏட்டி" என்று கூப்பிடுவேன், வரும். எங்கள் ஊரில் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. தோணிக்காரர்கள் சிரித்தார்கள். பண்டாரி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்றார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தோணியில் தண்டலைச் சேர்த்து ஒன்பது பேர். நாய் இருக்கட்டும் என்றவர்கள் நாலு பேர், என்னையும் சேர்த்து. கூடாது என்றவர்கள் நாலு பேர். அவர்களுக்குத் தலைவன் சுக்கானி. சுக்கான் பிடிக்கிறவன், அடுத்த தண்டல் நான்தான் என்ற நினைப்பில் எப்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பவன். கயிற்றுச் சுருளில் நாய் அசிங்கம் பண்ணும், காலுக்குள் படுத்துத் தடுக்கிவிடும், கொழும்புத் துறைமுகத்தில் அதிகாரி வந்து நாய்க்குக் காகிதம் எங்கே என்பான் என்றெல்லாம் அடுக்கினான். கடைசியில் முக்கியமானதைச் சொன்னான்.

"நாய் குடிக்குத தண்ணி நாம குடிக்குத தண்ணிலே. கடல்ல போயி அதுக்கு ஊத்து தோண்டுவியா?"

அதில் நியாயம் இருந்தது. தோணியில் எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், தண்ணீர் இல்லாமல் முடியாது. இரண்டு பீப்பாய்தான் கொண்டுபோவோம். தண்டல் எந்தப் பக்கமும் சேராமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"எலி பிடிச்சா இருந்துட்டுப் போவட்டும். அது குடிக்குத தண்ணி ஒன் பங்குலதான். ஒத்துக்கிடுதியா?"

"ஒத்துக்கிடுதேன்" என்றேன். எட்டுப் பேர் சாட்சி. இதை நான் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் ஓட்டத்தில் ஏட்டி இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். மூன்றாவது ஓட்டத்தில் எங்களைவிட நன்றாக ஆட்டத்துக்குக் கால் வைக்கப் பழகிவிட்டாள். அசிங்கம் பண்ணுவதற்கு முன்பக்கம் நங்கூரத்துக்குப் பக்கத்தில் ஒரே இடம். நான் ஒரு வாளி கடல் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. வத்தல் மூட்டையை அறுக்கிற எலிகளை ஒன்றுவிடாமல் பிடித்தாள். கொழும்பில் நங்கூரம் போட்டு நிற்கும்போது திருடர்கள் சின்னப் படகுகளில் வந்து கொக்கி போட்டு மூட்டையை இழுப்பார்கள். அவள் வந்த பிறகு ஒரு மூட்டை போனதில்லை. ஆனால் அவள் கால் கொழும்பு மண்ணில் படக்கூடாது என்று துறைமுகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆறு முறை கொழும்பு போனாள். ஆறு முறையும் விளிம்பில் நின்று மோப்பம் பிடித்ததோடு சரி. தூத்துக்குடியில் கரையிலிருந்து வருகிற சின்ன வள்ளத்திலிருந்து தோணிக்கு ஏற, கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவேன். அவளாகவே தாவி உட்கார்ந்துகொள்வாள். மேலே தூக்குவேன்.

தண்டலும் அவளுக்கு மீன் தலை போடுவார். அதனால்தான் பின்னால் அவர் அவளை நோக்கி நடந்துவந்தபோது அவள் வாலை ஆட்டினாள்.

அது சித்திரை மாதம். தூத்துக்குடியிலிருந்து கிளம்பி ஒரு நாள் ஓடியிருப்போம். காற்று செத்துப்போயிற்று. பாய் துணி காயப்போட்ட மாதிரி தொங்கியது. கடல் அசையவில்லை. வத்தல் மூட்டை வெயிலில் காய்ந்து நெடி ஏறி, மூச்சு விட்டால் தொண்டை எரிந்தது. இரண்டாம் நாள் தண்டல் தண்ணீரை அளக்க ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேங்காய்ச் சிரட்டையால் மூன்று சிரட்டை. அடுத்த நாள் இரண்டு. என் இரண்டில் ஒன்றை நான் குடிப்பேன், ஒன்றை ஏட்டிக்கு ஊற்றுவேன். பேசினபடி அவள் ஒருத்தர் தண்ணீரையும் தொடவில்லை. ஆனால் அவள் நக்கி நக்கிக் குடிக்கிற சத்தம் இருக்கிறதே, அதை அவர்களால் தாங்கமுடியவில்லை. நான் மறைவாக வைத்து ஊற்றியிருக்கவேண்டும். எனக்குப் புத்தியில்லை. என் தண்ணீர், என் நாய், எவனுக்கு என்ன என்று எல்லோரும் பார்க்கத்தான் ஊற்றினேன்.

நாலாம் நாள் காலையில் சுக்கானி எழுந்து நின்றான். "ஆய்க்குடிச் சனியன் காத்தப் பிடிச்சு வச்சிருக்கு. அது இருக்குதமுட்டும் காத்து வராது" என்றான். தோணியில் ஒரு பேச்சு கிளம்பினால் அடங்காது. நாய் இருக்கட்டும் என்றவர்கள்கூடத் தலையாட்டினார்கள். ஆறு ஓட்டம் அவளோடு போய்வந்தவர்கள், அவள் காப்பாற்றிக்கொடுத்த மூட்டைமேல் சாய்ந்துகொண்டு தலையாட்டினார்கள்.

தண்டல் பாய்மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். ஏட்டியிடம் வந்தார். வலது கையால் பிடரியைப் பிடித்துத் தூக்கி, கடலில் போட்டுவிட்டார்.

காற்று இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். தோணி போயிருக்கும், அவள் பின்னால் போயிருப்பாள், கண்ணிலிருந்து மறைந்திருப்பாள். காற்று இல்லை. தோணி நின்ற இடத்தில் நின்றது. அவள் தலையைச் சிலுப்பிக்கொண்டு மேலே வந்து, தோணியைச் சுற்றி நீந்தினாள். ஏற இடம் தேடிச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் நான் நின்ற பக்கம் வந்ததும் மெதுவாகி மேலே பார்ப்பாள். முதல் சில சுற்றுகளில் தண்ணீருக்குள் வால் ஆடியது. கூடை இறக்கப்போகிறான் என்று நினைத்திருப்பாள். கூடை அங்கேதான் இருந்தது. கயிறு என் காலடியில் இருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. வாய்க்கால் ஆழம் பழகிய தென்காசிக்காரன். குதிக்காததற்கு அது போதும். கயிறு போடாததற்கு என்ன சொல்லுவது? தண்டல் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே நின்றார். எவனாவது கயிற்றைத் தொட்டால் அவனுக்கும் அதே கதிதான் என்று அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கு அப்படித்தான் இருந்தது. நான் அசையாமல் நின்றேன். வெயில் உச்சிக்கு ஏறிச் சாய்கிறவரை அவள் சுற்றினாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், காற்று வந்தது. பாய் ஒரு அடி அடித்துப் புடைத்தது. தோணி நகர்ந்தது. எல்லோரும் கடவுளே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் பின்பக்கம் ஓடிப்போய் நின்றேன். அவள் நேராக எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். நெடுநேரம் வந்தாள்.

கொழும்பில் இறங்கியதும் துறைமுகம் முழுவதும் இதே பேச்சு. நாயைப் போட்டார்கள், காற்று வந்தது. நான் அறிய மூன்று தோணிகளில் நாயை இறக்கிவிட்டார்கள். தண்டலை மற்றத் தண்டல்கள் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அந்த வலது தோளில். அவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடி திரும்பியதும் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி ஊருக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்பதால் குத்துக்கல்வலசையில் ஒரு அறை பிடித்துக்கொண்டேன். சாரல் காலத்தில் அங்கிருந்து நடந்து குற்றாலம் வந்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவேன். மற்ற மாதங்களில் வயல் வேலை. என் கை சீக்கிரமே பேர் வாங்கிவிட்டது. இந்தத் தொழிலில் ஒரு விஷயம்தான் முக்கியம். கல்லில் படுத்திருக்கிறவன் பேச்சைக் கேட்கக்கூடாது. மெதுவாக என்பான், போதும் என்பான், அம்மா என்பான். எங்கே கத்துகிறானோ அங்கேதான் கட்டைவிரல் நிற்கவேண்டும். அவன் சொன்னபடி தேய்த்தால் எண்ணெய்தான் செலவு.

ஒவ்வொருத்தர் தோளையும் பிடிக்கும்போது எனக்கு அந்த ஒரு தோள்தான் ஞாபகத்துக்கு வரும். கிடைத்தால் என்ன செய்வேன் என்று விதவிதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்பது வருஷம். கல்யாணம் ஆகி, ஒரு பிள்ளை பிறந்து, தலையில் முன்பக்கம் முடி கொட்டி, மீசை பெரிதாகி, ஆளே மாறிவிட்டேன். அந்த யோசனை மட்டும் மாறவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பஸ்கள் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடி, தென்காசியிலிருந்து குற்றாலம் வருவதற்குள் நாலு முறை நிற்கும். கூட்டம் குறைவு. ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த கொட்டகைக்கு ஒருவர் வந்தார். மெலிந்துபோயிருந்தார். வலது கை விலாவோடு ஒட்டித் தொங்கியது. வரிசையின் ஒரு கோடியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"நீ போடு" என்றார்.

குரல் கேட்டதுமே தண்டல்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன். துண்டை அவிழ்த்துவிட்டுக் குப்புறப் படுத்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. கடவுள் என்று ஒருவர் இருக்கத்தான் செய்கிறார் என்று அன்றைக்குத் தோன்றியது.

"தோள் இறுகிப் போச்சுலே. கை நெஞ்சுக்கு மேல தூக்க வரல. நாலு பேர்ட்ட காட்டியாச்சு" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். எலும்புக்குப் பக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு. அந்த இடத்தில் கையைப் பின்னால் வளைத்து ஒரு திருகு திருகினால் போதும், ஜென்மத்துக்கும் சுக்கானைத் தொடமுடியாது. வளைப்பதற்குக் கையைப் பிடித்தாயிற்று. அதற்குள் அவர், "மெதுவாலே, மெதுவா" என்று முனகினார்.

அப்போதுதான் எனக்கு அதைவிட நல்ல வழி தெரிந்தது. அவர் சொன்னபடியே செய்வது. தோணியில் அவர் வைத்ததுதான் சட்டமாக இருந்தது, இங்கேயும் இருந்துவிட்டுப் போகட்டும். கட்டைவிரலை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தடவ ஆரம்பித்தேன். முடிச்சைச் சுற்றிச் சுற்றித் தடவினேன், முடிச்சைத் தொடவில்லை. யாரும் என்மேல் குற்றம் சொல்லமுடியாது. எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை. மெதுவா என்றார், மெதுவாகச் செய்தேன்.

தினமும் வந்தார். படுத்துக்கொண்டே பேசுவார். தோணி முதலாளி ஆடி முடிகிறவரை தவணை கொடுத்திருக்கிறாராம். அதற்குள் கை சரியாகிச் சுக்கானைப் பிடித்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் தோணியைச் சுக்கானியிடம் கொடுத்துவிடுவாராம். "கடல விட்டா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு" என்றார். அந்தச் சுக்கானி தண்டல் ஆவது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் இரண்டு பேரையும் ஒரே கல்லில் படுக்கவைக்க முடியாதே. ஒருத்தராவது கிடைத்தாரே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பக்கத்துக் கல்லில் தொழில் செய்தவர் ஒருநாள் கேட்டேவிட்டார். "என்னலே, பச்சப் பிள்ளைக்குத் தேக்குத மாதிரி தேக்குத?"

"அண்ணாச்சி சொல்லுத மாதிரிதான் செய்யுதேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். தொழில் தெரிந்தவருக்கு அந்தப் பதில் போதும்.

இன்னொரு நாள் என்னால் அடக்கமுடியவில்லை. "தோணியில நாய் கீய் வளப்பியளா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் முகம் கல்லை நோக்கி இருந்தது. "முன்னால ஒண்ணு கெடந்துச்சு" என்றார். ஒண்ணு கெடந்துச்சாம். என் கட்டைவிரல் தானாக முடிச்சின்மேல் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப எடுத்தேன்.

பத்தொன்பதாம் நாள் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. நான் தடவி முடித்து, "எந்திரிங்க, அருவிக்குப் போவலாம்" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"நீ அமுக்கவே இல்லலா" என்றார்.

"நீங்கதான மெதுவான்னு சொன்னீய?"

"நான் சொல்லுவேன். வலிச்சா சொல்லமாட்டனா? கடல்ல இதே தோள அமுக்குதப்ப நான் கத்தாத கத்தா? என்னைக்காவது கேட்டியாலே நீ?"

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"மொத நாளே தெரியும். நீ குத்தாலத்துல எண்ண தேக்குதன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். நாலு பேரு தொட்டானுவ, நான் கத்துனதும் பயந்து விட்டுட்டானுவ. நீ விடமாட்ட. என்மேல உள்ள கோவத்தயெல்லாம் தோள்ல காட்டுவ, முடிச்சு தானா விட்டுரும்னு நெனச்சு வந்தேன். நீ என்னன்னா தடவிக் குடுத்துக்கிட்டு இருக்க."

ஒன்பது வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அவ என் பங்குலதான குடிச்சா? நீங்க சொன்ன தீர்ப்புதான அது?" என்றேன். அவரைவிட நான்தான் நடுங்கினேன் என்பது எனக்கு அவமானமாக இருந்தது.

"நாயால காத்து நிக்காதுன்னு எனக்குத் தெரியாதாலே? முப்பது வருசம் கடல்ல கெடந்தவன். அன்னைக்குச் சுக்கானி பீப்பாய் பக்கத்துல கத்திய வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தான். நீ பாத்தியா? நான் பாத்தேன். ஏதாவது ஒண்ணு செஞ்சாத்தான் அவனுவ அடங்குவானுவ. செஞ்சேன்."

"அதுக்கு அவதான் கெடச்சாளா?"

"ஆமா. வேற யாரப் போடச் சொல்லுத?" அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "போட்டுட்டு ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். கயிறு ஒன் கால்ல கெடந்துச்சு. கூடை இருந்துச்சு. நீ தூக்கியிருந்தா நான் தடுத்திருக்க மாட்டேன். போட்டத அவனுவ பாத்தாச்சு, அது போதும் எனக்கு. இப்ப எடுப்பான், இப்ப எடுப்பான்னு பாத்தேன். நீ எடுக்கல."

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைப் பக்கத்துக் கல்காரர் சொல்லித்தான் முழுவதும் தெரியும். தண்டல் முதுகில் முழங்காலை ஊன்றி, முடிச்சின்மேல் முழங்கையை வைத்து, என் பாரம் முழுவதையும் இறக்கினேனாம். தண்டல் போட்ட அலறலில் கொட்டகைக் கூரையிலிருந்த குரங்குகள் சிதறி ஓடினவாம். குளிக்க வந்தவர்கள் ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தார்களாம், நான் அசையவில்லையாம். "பொய் சொல்லுதீரு, பொய் சொல்லுதீரு" என்று நான் கத்தியது மட்டும் எனக்கே கேட்டது. எண்ணெயும் கண்ணீரும் என் முகத்தில் கலந்து வழிந்தன. என் முழங்கைக்குக் கீழே அந்த முடிச்சு சட்டென்று நழுவிக் கொடுத்ததும் தெரிந்தது.

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். காலையில் முதல் ஆளாக வந்து படுத்துவிட்டார். நான் முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லமுடியவில்லை. அவர் வலியில் கத்துவதை இன்னொரு முறை கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். ஆடி முடிகிறவரை தினமும் அந்த மனுஷனைக் கதறவைத்தேன். அவர் கதறக் கதற அந்தக் கை மேலே எழும்பியது. முதலில் நெஞ்சுவரை, பிறகு வாய்வரை, பிறகு நெற்றிவரை. கடைசி நாள் கொட்டகைக் கம்பத்தைச் சுக்கான் மாதிரி வலது கையால் பிடித்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் இழுத்துப் பார்த்தார். கம்பம் ஆடியது.

நான் கிட்டே போனேன். "கயிறு போட்டிருந்தா தடுத்திருக்க மாட்டேன்னு சொன்னீயளே, அது நெசமா? இல்ல, நான் கோவத்துல அமுக்கணும்னு சொன்னதா?" என்று கேட்டேன்.

அவர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்தார். பொத்தானைப் போட்டார். "ஒனக்கு எது வேணுமோ அத வச்சுக்கோலே" என்றார். ஜட்காவில் ஏறித் தென்காசி ரயிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அவர்தான் அந்தத் தோணிக்குத் தண்டலாக இருந்தார் என்று தூத்துக்குடியிலிருந்து குளிக்க வருகிறவர்கள் சொன்னார்கள். ஏட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கிய கையை நானே சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். கயிறு விஷயத்தை என் மனைவியிடம் சொன்னபோது, "ஒருவேள நெசமாத்தான் சொன்னாரோ என்னமோ" என்றாள். அவளோடு மூன்று நாள் பேசவில்லை. தடுத்திருப்பார். நான் குனிந்து கயிற்றைத் தொட்டவுடனே பாய்ந்து வந்து தடுத்திருப்பார். கேட்கிற எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவருகிறேன்.